வடக்கத்து மரம் தெற்கே வந்ததும் ஏன் வளர மறுக்கிறது? – பகல் நீளமும் மரங்களும்

கிளைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுவீடனில் ஆஸ்பென் (பாப்லர் வகையைச் சேர்ந்த குளிர்நாட்டு இலையுதிர் மரம்) மரங்களை வைத்து நடத்தப்படும் ஒரு சோதனையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்நாட்டின் தெற்கே 56 பாகை வட அட்சரேகை தொடங்கி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய 66 பாகை வரை 12 இடங்களிலிருந்து 116 மரங்களைத் தேர்ந்து, அவற்றின் வேர்த்துண்டுகளிலிருந்து கன்றுகளை எழுப்பி, தெற்கே எக்கெபோவிலும் வடக்கே சேவாரிலும் தோட்டங்களாக நட்டிருக்கிறார்கள். எக்கெபோ தோட்டத்தில் வடக்கத்து மரங்கள், கோடை முடியப் பல வாரங்கள் இருக்கும்போதே வளர்ச்சியை நிறுத்தி நுனியில் மொட்டு கட்டிக்கொள்கின்றன. பக்கத்து வரிசையில் நிற்கும் தெற்கத்து மரங்களோ தொடர்ந்து உயர்ந்துகொண்டே போகின்றன.

கடுங்குளிரில் பிழைத்துப் பழகிய மரத்துக்கு நல்ல மண்ணும் கூடுதல் வெப்பமும் கிடைத்தால் அது செழிக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்திருப்பேன். நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பகல் நீளமே காரணம் என்கிறார்கள். அது எப்படிச் செயல்படுகிறது என்பதையும், பகல் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாத நம் பக்கத்து மரங்களுக்கு இது பொருந்துமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடதிசை எழுதியது:

கிளைவழி அவர்களுக்கு வணக்கம். முதலில் பகல் நீளங்களைப் பார்ப்போம். சென்னையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியது. ஆஸ்லோவில் அதே நாட்களில் பகல் 18 மணி 50 நிமிடமாகவும் 6 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டினால் கோடையின் நடுவில் சூரியன் மறைவதே இல்லை.

வடக்கே உள்ள மரத்துக்குக் குளிர் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். வளர்ந்துகொண்டிருக்கும் இளந்தளிர் உறைநிலைக்குச் சில பாகை கீழே போனாலே கருகிவிடும். அதே மரம் முறையாகத் தயாராகிவிட்டால் நாம் கற்பனை செய்ய முடியாத குளிரையும் தாங்கும். செந்தண்டு டாக்வுட் என்னும் வட அமெரிக்கப் புதரின் குச்சிகள், முழுமையாகக் குளிருக்குப் பதப்பட்ட நிலையில், ஆய்வகத்தில் சுழியத்துக்குக் கீழே 196 பாகை என்ற திரவ நைட்ரஜனின் குளிரைக்கூடத் தாங்கியிருக்கின்றன. ஆனால் வளர்ச்சியை நிறுத்துவது, மொட்டு கட்டுவது, உறக்கநிலைக்குள் போவது, திசுக்களைப் பதப்படுத்துவது ஆகிய இவ்வளவும் முடியப் பல வாரங்கள் தேவைப்படும். முதல் உறைபனி விழுந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிட்டிருக்கும். வெப்பநிலையை நம்பியும் தொடங்க முடியாது, ஏனென்றால் ஆகஸ்டில் ஓர் ஆண்டு வெயிலும் இன்னோர் ஆண்டு குளிருமாக இருக்கலாம். ஆண்டுதோறும் அதே தேதியில் அதே அளவாக வருவது பகல் நீளம் ஒன்றுதான்.

ஆகவே ஒவ்வோர் இடத்து மரக்கூட்டமும் தனக்கென ஒரு வரம்புப் பகல் நீளத்தை மரபணுவில் ஏந்தியிருக்கிறது. பகல் அந்த வரம்புக்குக் கீழே குறைந்ததும் வளர்ச்சி நிற்கிறது. 2006ஆம் ஆண்டு சுவீடனின் உமேயோ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆஸ்பென் ஆய்வின்படி, ஜெர்மனியைப் பிறப்பிடமாகக் கொண்ட மரங்களுக்கு இந்த வரம்பு சுமார் 15 மணி நேரம். வட சுவீடன் மரங்களுக்குச் சுமார் 21 மணி நேரம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். எக்கெபோ அமைந்துள்ள 56 பாகையில் ஆண்டின் மிக நீண்ட பகலே பதினேழரை மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். இருபது மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும் என்று மரபில் எழுதப்பட்ட மரத்துக்கு அங்கே கோடை என்ற ஒன்று வருவதே இல்லை. ஜூன் 21 அன்றுகூட அதன் கணக்கில் இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டே மொட்டுக்குள் உருவாகி மடிந்திருந்த இலைகளை வசந்தத்தில் விரிக்கும். அதற்கு மேல் புதிதாக எதையும் உருவாக்காமல் நின்றுவிடும். வெப்பமும் உரமும் இருந்தும் மரம் அவற்றைத் தொடாததன் காரணம் இதுவே.

தெற்கத்து மரத்தை வடக்கே கொண்டுபோனால் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பகல் 15 மணி நேரத்துக்குக் கீழே இறங்குவதற்குள் அங்கே ஆகஸ்டின் பெரும்பகுதி போய்விடும். அதுவரை மரம் மும்முரமாக வளர்ந்து, பதப்படாத தளிரோடு உறைபனியில் மாட்டிக்கொள்ளும். முதல் சில ஆண்டுகளில் மிக உயரமாக வளர்ந்து நம்மை ஏமாற்றுவதும், பிறகு நுனி கருகிக் கருகிப் புதர்போல் ஆவதும் இத்தகைய மரங்கள்தாம்.

வேர்நுனி எழுதியது:

வடதிசையின் விளக்கம் மிகத் தெளிவு. இதன் வரலாற்றைச் சிறிது சேர்க்கிறேன்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்டு ஆகிய இருவரும் 1920இல் புகையிலையையும் சோயாவையும் வைத்துப் பகல் நீளமே பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். நம் பாடநூல்களில் ஒளிக்காலத்துவம் என்று வருவது இதுதான். மரங்களில் இது அட்சரேகைக்கு ஏற்ப மாறுவதை 1940இல் சுவீடனின் சில்வேன் ஆஸ்பெனில் கவனித்தார். 1954இல் பாலி, பெர்ரி ஆகியோர் வட அமெரிக்காவின் வெவ்வேறு அட்சரேகைகளிலிருந்து திரட்டிய பாப்லர் மரங்களை மாசசூசெட்ஸில் ஒரே இடத்தில் வளர்த்தார்கள். பிறப்பிடம் எவ்வளவு வடக்கோ அவ்வளவு சீக்கிரம் வளர்ச்சி நின்றது. கிளைவழி படித்த சுவீடன் சோதனையின் முன்னோடி அது என்று சொல்லலாம்.

பாலி, பெர்ரி ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி உயரத்தைப் பற்றியது. ஒரே அட்சரேகையில் மலைமேல் இருக்கும் மரமும் பள்ளத்தாக்கில் இருக்கும் மரமும் ஒரே பகல் நீளத்தைத்தான் பார்க்கின்றன. ஆனால் மலைமேல் வளர்பருவம் குறுகியது. அதற்கேற்ப மலைமரம் சீக்கிரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. அதாவது மரம் பின்பற்றுவது அட்சரேகையை அன்று. தன் ஊரில் குளிர் வரும் தேதியைத்தான். பகல் நீளம் அந்தத் தேதியை அறிவிக்கும் அடையாளம் மட்டுமே. ஆகவே 'வடக்கு மரம், தெற்கு மரம்' என்று பிரிப்பது ஓரளவுக்குத்தான் சரி.

இன்னொன்று. நாம் பகல் நீளம் என்று சொன்னாலும் செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தை. 1938இல் ஹாம்னரும் பானரும் மருளூமத்தைச் செடியில் இதைக் காட்டினார்கள்: நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கை ஏற்றினால் போதும், அந்த இரவு கணக்கில் வராமல் போகிறது. மரங்களும் இப்படி ஏமாறுகின்றன. 1936இல் நியூயார்க் நகரத் தெருவிளக்குகளை ஆராய்ந்த மாட்ஸ்கி, விளக்குக்கு அருகில் இருந்த பாப்லர் போன்ற சில மரங்களின் இலைகள் மற்றவற்றைவிடத் தாமதமாக உதிர்வதைப் பதிவு செய்தார். ஒரே மரத்தில் விளக்கை நோக்கிய கிளை பச்சையாகவும் மறுபுறம் மொட்டையாகவும் நிற்பதைக் குளிர்நாட்டு நகரங்களில் வாழ்பவர்கள் இன்றும் பார்க்கலாம்.

கற்றாழை எழுதியது:

அன்பர்களே, ஓர் ஐயம். எல்லாவற்றையும் பகல் நீளத்தின் தலையில் கட்டுவது மிகையாகத் தோன்றுகிறது. குளிர்நாட்டு மரங்கள் எல்லாமே இப்படித்தான் நடந்துகொள்கின்றனவா? வசந்தத்தில் வெப்பம் சீக்கிரம் வந்தால் மரங்கள் சீக்கிரம் துளிர்க்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் துளிர்ப்பதில்லையே?

வடதிசை எழுதியது:

கற்றாழையின் ஐயம் நியாயமானது. நான் மேலே சொன்னது முழுக்க வளர்ச்சி நிற்பதைப் பற்றியதுதான். வசந்தத்தில் துளிர்ப்பதைப் பெரும்பாலும் வேறு இரண்டு கணக்குகள் ஆள்கின்றன: உறக்கம் கலையப் போதுமான அளவு குளிரைப் பெற்றாயிற்றா என்பது ஒன்று, அதன்பின் போதுமான வெப்பம் சேர்ந்ததா என்பது மற்றொன்று. ஐரோப்பிய பீச் மரம் இதில் விலகி நிற்கிறது. அது துளிர்ப்பதற்கும் பகல் நீள வேண்டும் என்று எதிர்பார்க்கும். பிப்ரவரியில் வரும் பொய்யான வெப்பத்தைக் கண்டு அவசரப்படாது.

இலையுதிர் காலத்திலும் விதிவிலக்கு உண்டு. நார்வேயின் ஹைடேயும் பிரெஸ்ட்ருடும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிள், பேரி மரங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தவே இல்லை. வெப்பநிலை குறைந்தபோதுதான் வளர்ச்சியை நிறுத்தி உறக்கத்துக்குப் போயின. பகல் எவ்வளவு குறுகினாலும் வெப்பமாக இருந்தால் வளர்ந்துகொண்டே இருந்தன. ஆகவே 'மரங்கள்' என்று பொதுவாகப் பேசாமல் ஆஸ்பென், பிர்ச், வில்லோ, ஸ்ப்ரூஸ் என்று பெயர் சொல்லிப் பேசுவதே பாதுகாப்பானது.

இலைநரம்பு எழுதியது:

மரத்துக்குள் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

இலையில் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம் இருக்கிறது. 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைசிவப்பொளி பட்டால் இன்னொரு வடிவத்துக்கும் மாறும். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை இலை இதன் வழியே அறிகிறது. இதோடு, ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் உட்கடிகாரம் ஒன்றும் செல்களில் இருக்கிறது. அந்தக் கடிகாரம் சிஓ என்னும் மரபணுவை நாளின் பிற்பகுதியில் முடுக்குகிறது. அந்த நேரத்தில் வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தால், சிஓ புரதம் நிலைத்து நின்று எஃப்டி என்னும் மரபணுவைத் தூண்டும். அதற்குள் இருட்டிவிட்டிருந்தால் எஃப்டி அடங்கிவிடும். பாப்லர் இனங்களில் இந்த எஃப்டி மரபணுவின் இரு வகைகளில் ஒன்று கோடையில் தண்டு வளர்வதைத் தொடரச் செய்கிறது. அது அடங்கினால் சில வாரங்களில் நுனி வளர்ச்சி நின்று மொட்டு மூடுகிறது. ஒற்றைப்பருவச் செடியில் பூக்கும் காலத்தைக் குறிக்கும் அதே மரபணு அமைப்பை மரம் வளர்ச்சிக் காலத்தைக் குறிக்கப் பயன்படுத்துகிறது என்பதே 2006ஆம் ஆண்டு ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு.

வடக்கு, தெற்கு வேறுபாடும் இங்கேயே இருக்கிறது. வடக்கத்து மரத்தில் சிஓ உச்சம் அடையும் நேரம் நாளில் வெகுவாகத் தள்ளிப்போயிருக்கிறது. மாலை 6 மணிக்கு அடித்தாலும் இரவு 9 மணிக்கு அடித்தாலும் அலாரம் அலாரம்தான். எப்போது வைத்திருக்கிறோம் என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. தாமதமான உச்சத்தின்போதும் வெளிச்சம் இருக்க வேண்டுமானால் பகல் மிக நீண்டதாக இருந்தாக வேண்டும்.

இதை எதிர்ப்பக்கமிருந்தும் சோதித்திருக்கிறார்கள். 1997இல், ஓட்ஸ் செடியின் ஒரு ஃபைட்டோகுரோம் மரபணுவைக் கலப்பின ஆஸ்பெனில் மிகையாக இயங்கச் செய்தபோது, அந்த மரம் வெறும் 6 மணி நேரப் பகலிலும் வளர்ச்சியை நிறுத்தவில்லை. குளிருக்குப் பதப்படவும் இல்லை. 2018இல் சுவீடனின் ஆஸ்பென் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வில், மொட்டு கட்டும் காலத்தின் வேறுபாட்டில் பெரும்பங்கு எஃப்டி மரபணுவைச் சுற்றியுள்ள ஒரே பகுதியில் குவிந்திருப்பது தெரிந்தது. பனிப்படலங்கள் உருகி நிலம் வெளிப்பட்ட பிறகே இம்மரங்கள் ஸ்காண்டிநேவியாவுக்குள் பரவின. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள், வடக்கே பயன்படும் வடிவம் இயற்கைத் தேர்வால் வேகமாகப் பரவியிருக்கிறது என்பதற்கான தடயமும் அந்தப் பகுதியில் இருக்கிறது.

மொட்டு மூடிய பின் நடப்பதைப் பற்றி ஒரு வரி: குறுகிய பகலில் அப்சிசிக் அமிலம் என்னும் தாவர ஹார்மோன் பெருகி, நுனியிலுள்ள செல்களுக்கு இடையிலான நுண்வழிகள் அடைபடுகின்றன. அதன் பிறகு பகலை நீட்டினாலும் வளர்ச்சிக் கட்டளை நுனியைச் சென்றடையாது. குளிர்காலத்தின் நடுவில் மரத்தை வெப்ப அறையில் வைத்தாலும் அது உடனே எழாததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

தேவதாரு எழுதியது:

நடைமுறையில் இதைக் காட்டுத்துறையினர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்குப் பிரித்தானியாவில் நடப்படும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம் நல்ல எடுத்துக்காட்டு. அம்மரம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை ஒரு மெல்லிய கீற்றாகப் பரவியிருக்கிறது. அலாஸ்கா விதையைப் பிரித்தானியாவில் நட்டால் சீக்கிரம் மொட்டு கட்டிவிட்டு மெதுவாக வளரும். வாஷிங்டன், ஓரிகன் விதை வேகமாக வளரும். ஆனால் இலையுதிர்காலத்து உறைபனியில் அடிபடும். நீண்ட காலம் அங்கே விரும்பி நடப்பட்டது கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 53 பாகையில் இருக்கும் ஹைடா குவாய் தீவுகளின் விதை. பிரித்தானியத் தோட்டங்களின் அட்சரேகையும் அதை ஒட்டியதே. கடல் கடந்து பல்லாயிரம் கிலோமீட்டர் மேற்கிலிருந்து வந்த விதை பொருந்துகிறது. அதே கரையோரத்தில் சற்று வடக்கே போனால் பொருந்தவில்லை. கிழக்கு மேற்காகத் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லமாட்டேன், மழையும் கடற்காற்றும் ஒத்துப்போக வேண்டும். ஆனால் விதை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அட்சரேகைதான்.

கிளைவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என் முதல் கேள்விக்கு முழு விடை கிடைத்துவிட்டது. இரண்டாம் கேள்வி அப்படியே இருக்கிறது. கன்னியாகுமரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட வேறுபாடு இல்லை. அங்கே நிற்கும் மரத்துக்குப் பகல் நீளத்தால் என்ன பயன்? மழைதானே அதன் நாட்காட்டியாக இருக்க வேண்டும்?

புங்கநிழல் எழுதியது:

மழைதான் நாட்காட்டி என்றால் பங்குனியில் புங்கமரம் ஏன் தளிர்க்கிறது? நம் ஊர்களில் மழை பெய்து பல வாரங்கள் ஆகி, வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இலையை உதிர்த்துவிட்டு உடனே பளபளக்கும் தளிரை விடுகிறது. அரசும் அப்படித்தான். இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பருவமழைக் காடுகளின் பல மரங்கள் வறட்சியின் உச்சத்தில் துளிர்ப்பதைத் தாய்லாந்திலும் இந்தியாவிலும் ஆராய்ந்தவர்கள் ஒரு முரண்புதிர் என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

போர்ஷெர்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002இல் இதற்கு ஒரு விடை தந்தார்கள். அர்ஜென்டினா, கோஸ்டாரிகா, ஜாவா, தாய்லாந்து, நடு பிரேசில் ஆகிய இடங்களில் 50க்கும் மேற்பட்ட இனங்களின் மரங்கள், மழை வருமுன்பே, வசந்தச் சமநாளை (பகலும் இரவும் சமமாகும் நாள்) ஒட்டி ஏறத்தாழ ஒரே காலத்தில் துளிர்க்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு அதிக மாற்றம் இல்லை. வட, தென் அரைக்கோளங்களுக்கு இடையே சரியாக ஆறு மாத இடைவெளி இருக்கிறது. மழையோ வெப்பமோ இவ்வளவு ஒழுங்காக வராது என்பதால், 30 நிமிடமோ அதற்கும் குறைவாகவோ பகல் நீள்வதை இம்மரங்கள் உணர்கின்றன என்று முடிவு செய்தார்கள். வறட்சியில் தளிரை விரிக்கத் தேவையான நீரை ஆழமான வேர் தந்துவிடுகிறது; மழை வரும்போது முதிர்ந்த இலை தயாராக நிற்கிறது. இலையைத் தின்னும் பூச்சிகள் பெருகுமுன் இலை முற்றிவிடுகிறது என்ற இலாபமும் உண்டு.

ஆனால் புங்கத்தையோ அரசையோ பகல் நீளத்தை மாற்றிச் சோதித்த முடிவு போல இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்காண்டிநேவிய ஆய்வுகளில் விளக்கை ஏற்றி அணைத்துக் கன்றுகளைச் சோதித்தார்கள். வெப்பமண்டலத்தில் பெரும்பாலும் காலப்பொருத்தத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

கற்றாழை எழுதியது:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அதே போர்ஷெர்ட் குழு 2005இல் இன்னும் ஒரு படி மேலே போய், நிலநடுக்கோட்டை ஒட்டிய மரங்கள் பகல் நீளம் மாறாதபோதும் சூரியன் உதிக்கும் நேரமும் மறையும் நேரமும் ஆண்டுக்குள் முன்பின்னாக நகர்வதை உணர்ந்து ஒருங்கே பூக்கின்றன என்றது. 2007இல் மலேசியாவின் யியாங் ரப்பர் மரத்தை எடுத்துக்கொண்டு அதை மறுத்தார். ரப்பர் மரம் ஒருங்கே பூப்பதற்குச் சமநாட்களை ஒட்டிக் கூடும் வெயிலின் செறிவே போதுமான விளக்கம் என்பது அவர் வாதம். எனக்கு யியாங் பக்கமே நியாயம் தெரிகிறது. சில நிமிட நகர்வை மேகமூட்டத்தினூடே அளக்கும் கருவி மரத்திடம் இருக்கிறது என்று நம்புவதைவிட, வெயில் கூடினால் மரம் அறியும் என்று நம்புவது எளிது.

புங்கநிழல் எழுதியது:

நிலநடுக்கோட்டின்மேல் நிற்கும் மரத்தைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன். 10, 15 பாகைக்கு மேல் வரும்போது, பகல் நீளம் என்ற விளக்கத்தை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. வெயிலின் செறிவும் அங்கே பருவத்தோடு மாறுகிறது என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம், அவ்வளவே.

கிளைவழிக்கு இன்னொரு செய்தி. வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் பருவக்குறி இல்லாத இடத்துக்கு மரத்தைக் கொண்டுபோனால் நடப்பதை மலேசியாவிலும் இலங்கையிலும் நட்ட கரீபியன் பைன் மரங்களில் பார்த்திருக்கிறார்கள். சில மரங்கள் இடையில் ஓய்வு எடுக்காமல், பக்கக் கிளையே விடாமல், நரிவால் போல நெடுநெடுவென ஒற்றைத் தண்டாக உயர்ந்துவிடும். இதற்கு மரபுவழிக் காரணமும் உண்டு என்பதால் பகல் நீளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நீலகிரியின் தைலமரமோ இதற்கு நேர் எதிர். டாஸ்மேனியப் பகுதியின் 40 பாகைத் தெற்கிலிருந்து 11 பாகை வடக்குக்கு 1843இல் வந்து, குறைவின்றிப் பெருகிவிட்டது. அது ஆஸ்பென் போல மூடிய குளிர்கால மொட்டைக் கட்டும் மரமே இல்லை. வெப்பமும் ஈரமும் இருக்கும்வரை வளரும். மலையின் உயரம் அதற்கு வேண்டிய குளிர்ச்சியைத் தந்துவிட்டது.

கிளைவழி எழுதியது:

அருமை. கடைசியாக ஒன்று. பூமி வெப்பமடைந்து வருவதால் தெற்கத்து விதையை வடக்கே நடலாம் என்ற பேச்சு இருக்கிறதே, அதற்கு இது தடையாகாதா?

வடதிசை எழுதியது:

தடைதான், ஆனால் முழுத்தடை அன்று. வெப்பம் வடக்கு நோக்கி நகர்கிறது, இரவின் நீளம் நகர்வதில்லை. ஆகவே இருந்த இடத்திலேயே நிற்கும் மரம், செப்டம்பர் இதமாக இருந்தாலும் பழைய தேதியிலேயே கடையை மூடிவிடுகிறது. தெற்கிலிருந்து கொண்டுவந்தது அந்த நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் எதிர்பாராத ஓர் உறைபனியில் நுனியை இழக்கும். அதனால்தான் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடங்களில் விதையை இடமாற்றுவதற்குத் தட்பவெப்ப எல்லைகளை வகுத்து, அதற்குள் மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

நார்வே ஸ்ப்ரூஸில் இதற்கு எதிர்பாராத ஓர் உதவி கிடைத்திருக்கிறது. விதைக்குள் கரு உருவாகும்போது தாய்மரம் இருந்த வெப்பநிலையைக் கன்று நினைவில் வைத்துக்கொள்கிறது. வெப்பமான பருவத்தில் உருவான விதையின் கன்றுகள், அதே பெற்றோரிடம் குளிர்ந்த பருவத்தில் உருவான கன்றுகளைவிடத் தாமதமாக மொட்டு கட்டுகின்றன. மரபணு எழுத்து மாறாமலேயே இது நடக்கிறது. அதன் தாக்கம் பல ஆண்டுகள் நீடிக்கிறது. தெற்கே விதைத்தோட்டம் அமைத்து வடக்கத்து மரங்களிடமிருந்து விதை எடுத்தபோது, கன்றுகள் பெற்றோரைப் போல நடந்துகொள்ளாததை வைத்தே இதை முதலில் கவனித்தார்கள். ஆகவே நாற்றங்காலுக்கு விதை வாங்கும்போது தாய்மரத்தின் பூர்வீகத்தோடு, அந்த விதை எந்த ஊரில், எந்த ஆண்டின் கோடையில் முற்றியது என்பதையும் கேட்டு எழுதிவைப்பது நல்லது.